சோவியத் நாட்டு ஜெர்மானியர்களுக்கு என்ன நடந்தது?

கேள்வி: ஹிட்லரோடு போர் நடந்தபோது சோவியத் யூனியனுக்குள்ளேயே லட்சக்கணக்கில் ஜெர்மானியர்கள் இருந்தார்களாமே, நிஜமா? எப்படிப் போனார்கள்?

பதில்: நிஜம்தான். 1763-ல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் (அவரே ஜெர்மனியில் பிறந்தவர்) நிலம் தருகிறேன், பல வருஷத்துக்கு வரி கிடையாது, பட்டாளத்துக்கும் கூப்பிடமாட்டேன் என்று ஆசை காட்டி வெளிநாட்டுக் குடியானவர்களை அழைத்தார். வந்தவர்கள் வோல்கா நதிக்கரையில், சரடோவ் பக்கம், 100-க்கும் மேற்பட்ட ஊர்களை உண்டாக்கினார்கள். 1924-ல் அவர்களுக்கென்று ஒரு தன்னாட்சிக் குடியரசே இருந்தது. கோதுமை விதைப்பது, தர்பூசணிச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி வைப்பது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று தலைமுறை தலைமுறையாக ஓடிய வாழ்க்கை. ஸ்டாலின் காலத்தில் தேவாலயத்தைப் பூட்டினார்கள், நிலத்தையும் கூட்டுப்பண்ணையில் சேர்த்தார்கள். 1941-ல் அங்கே இருந்த ஒரு சாதாரண விவசாயிக்கு ஜெர்மனி என்பது கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தைய யாரோ விட்டுவந்த தேசம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் போர் வந்ததும் அவர்களை வோல்கா ஊர்களிலிருந்து ஏன் வெளியேற்றினார்கள்? வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: 1941 ஆகஸ்ட் 28-ல் ஓர் ஆணை. அவர்களுக்குள் ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் உளவாளிகளும் நாசகாரர்களும் ஒளிந்திருப்பதாகக் குற்றச்சாட்டு. அத்தனை பேர் இருந்தால் ஒருத்தர் பெயரையாவது ஆணையில் சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லை. செப்டம்பர் மாதத்துக்குள் ஏறக்குறைய 4 லட்சம் பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் அனுப்பிவிட்டார்கள். அறுவடை நேரம் வேறு. மாட்டையும் தானியத்தையும் ஒப்படைத்தால் கையில் ஒரு ரசீது. போகிற இடத்தில் அதைக் காட்டினால் ஈடு கிடைக்கும் என்றார்கள், பலருக்குக் கிடைக்கவே இல்லை. கொண்டுபோன துணிமணியை ஒவ்வொன்றாக உருளைக்கிழங்குக்கும் மாவுக்கும் மாற்றித்தான் முதல் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். விறகு கிடைக்காத புல்வெளியில் சாணத்தைக் காயவைத்து வறட்டியாக்கி எரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதைவிடக் கொடுமை அடுத்த வருஷம். 1942 ஜனவரியில் 17 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களைத் தொழிலாளர் படை என்ற பெயரில் மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் இழுத்துப்போனார்கள். செஞ்சேனையில் (சோவியத் ராணுவத்தில்) சிப்பாயாக ஜெர்மன் படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட வம்சத்தைக் காரணம் காட்டி விலக்கி இங்கே தள்ளினார்கள் என்றால் பாருங்கள். அக்டோபரில் பெண்களின் முறை, 16 முதல் 45 வரை. கர்ப்பிணிக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்க்கும் மட்டும் விலக்கு. அப்போது நாலு வயசுப் பிள்ளை? பாட்டியிடமோ அத்தையிடமோ, யாரும் இல்லாவிட்டால் கூட்டுப்பண்ணையிடமோ விடவேண்டியதுதான். இந்த வயது வரம்பை மேசையில் உட்கார்ந்து எழுதியவர் யாரோ, எனக்கு அந்த ஆளைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது.

கேள்வி: 1945-ல் போர் முடிந்ததே, ஊர் திரும்பியிருக்கலாமே?

பதில்: விட்டால்தானே! மாதாமாதம் கண்காணிப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அனுமதி இல்லாமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போகக்கூடாது. 1948-ல் இது நிரந்தரம் என்றே அறிவித்தார்கள், தப்பிப்போனால் 20 வருஷம் கடுங்காவல். ஸ்டாலின் இறந்தபின் 1955 டிசம்பரில் கையெழுத்து முறை போனது, ஆனால் பழைய ஊருக்குத் திரும்பக்கூடாது, வீட்டைக் கேட்கக்கூடாது என்று அதே ஆணையில் சேர்த்திருந்தார்கள். 1964-ல்தான் அந்த உளவாளிக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று ஒப்புக்கொண்டார்கள். இஷ்டப்பட்ட ஊரில் வசிக்கும் உரிமை 1972-ல்.

கேள்வி: வோல்காவில் இருந்த அந்தத் தன்னாட்சிக் குடியரசாவது திரும்பக் கிடைத்ததா?

பதில்: இல்லை. 1992 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் சரடோவ் பகுதிக்கு வந்தபோது, வேண்டுமானால் கபுஸ்தின் யார் ஏவுகணைச் சோதனைத் தளத்து நிலத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரிப் பேசினார். அதற்குள் நிறைய குடும்பங்கள் ஜெர்மனிக்கே குடிபோக விண்ணப்பம் எழுதிவிட்டிருந்தன.