தட்டு ஒழுக்கம்

கேள்வி: 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. அதன் மட்டையாளர்களிடம் 'தட்டு ஒழுக்கம்' இல்லாததுதானே காரணம்?
(பேஸ்பால் பிரியர் ஒருவர்)

பதில்: ரசம் ஒழுகும் தட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். மட்டையாளர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டைத் தட்டாக்கி, கெட்ட பந்தை அடிக்காமல் விடும் பொறுமையான 'பிளேட் டிசிப்ளி'னைத் தட்டு ஒழுக்கமாக்கிய நீங்கள், வைட் சாக்ஸை மட்டும் ஏன் விட்டீர்கள்? 'வெள்ளைக் காலுறையார்' என்றிருந்தால் தோல்விக்கு ஒரு கம்பீரமாவது வந்திருக்கும். கலைச்சொல் விஷயத்தில் வாய்விட்டு ஒரு பேராசிரியரின் நட்பை ஏற்கெனவே இழந்தவன் நான். சோஃபாவுக்கு அவர் கண்டுபிடித்த தமிழ்ப் பெயரில் உட்காரப் பயமாக இருக்கிறது என்றேன். அதோடு சரி, அவர் வீட்டில் காபி நின்றுபோயிற்று.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் வெளியே போகிற பந்தை விட்டால் கைதட்டல்தான் கிடைக்கும். பேஸ்பாலில் அப்படி நான்கை விட்டால் ரன்னுக்கு ஓடும் வழியில் முதல் நிறுத்தமான முதல் பேஸே இனாம். பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் கண்டதற்கெல்லாம் நாக்கு ஊறாமல் இருக்கவேண்டும். பந்திக்கு முந்தலாம், பந்துக்கு முந்தக் கூடாது. வைட் சாக்ஸ்காரர்கள் முந்தினார்கள். 162 ஆட்டங்களில் 507 ரன், 30 அணிகளில் ஆகக் கடைசி. இடையில் தொடர்ந்து 21 தோல்வி. பொறுமையின்மை ஒரு காரணம்தான், ஆனால் அதுவே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். விட வேண்டியதை விட்டாலும், அடிக்க வேண்டியதை அடிக்க ஆள் வேண்டாமா?

பொறுமைக்கு உதாரண புருஷர் எடி கேடல். உயரம் 3 அடி 7 அங்குலம், சட்டை எண் 1/8. 1951 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் முதலாளி பில் வீக் அவரை மட்டையோடு இறக்கினார். மட்டையை அசைத்தால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டியதாகவும் கதை உண்டு. குனிந்து நின்ற அந்த மனிதருக்கு எங்கே போடுவது என்று பந்துவீச்சாளருக்குத் தெரியவில்லை. நான்கு பந்து, நான்கும் வெளியே. கேடல் ஜம்மென்று முதல் பேஸுக்கு நடந்தார். மறுநாளே லீக் தலைவர் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆடவந்து, ஒரு கெட்ட பந்தைக்கூடத் தொடாத மகான்!

அந்த வீக் பிற்பாடு விலைக்கு வாங்கியது எந்த அணியை என்கிறீர்கள்? உங்கள் வெள்ளைக் காலுறையாரைத்தான்.

ஒன்று விட்டுப்போயிற்று. கேடல் ஆடிய அன்றும் பிரவுன்ஸ் 6-2 என்று தோற்றுத்தான் போனார்கள்.