இறுதிப் போட்டி பாதியில் துண்டிக்கப்படாமல் இருக்க

வணக்கம். 3 மணி நேர ஒளிபரப்பு முடிந்துவிட்டதால் உங்கள் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியின் முதன்மைப் போட்டி பாதியில் நின்றுபோனதை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து வருந்தினேன். 1998இல் டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் நடத்திய ஹாலோவீன் ஹேவக் என்ற கட்டண ஒளிபரப்பு நிகழ்ச்சியிலும் இதே தவறு நேர்ந்து, கோல்ட்பர்க்கும் டைமண்ட் டல்லாஸ் பேஜும் மோதிய போட்டியைப் பணம் கட்டிய பலரால் பார்க்க முடியாமல் போனதால், அதை மறுநாள் நைட்ரோ என்ற தங்கள் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இலவசமாக ஒளிபரப்பினார்கள். நீங்களும் முழுப் பதிவை உடனே வெளியிடுவதே நியாயம்.

நேரம் பெரும்பாலும் மோதல்களில் அல்ல, வீரர்களின் நுழைவிலும் வெற்றிக் கொண்டாட்டத்திலும் ஒலிவாங்கிப் பேச்சிலும்தான் கரைகிறது என்பதால், அவற்றுக்கும் அட்டவணையில் நிமிடம் ஒதுக்குங்கள். நடுவருக்கு இயர்பீஸ் கொடுத்து, இயக்குநர் சொல்லும் மீதி நேரத்தை அவர் வீரர்களிடம் மெல்லத் தெரிவிக்கும்படி செய்வது மிக முக்கியம். இறுதிக்கு முந்தைய போட்டி, தேவைப்பட்டால் சுருக்கக்கூடியதாக இருக்கட்டும்.