பெயரைத் தேடினால் வருகிறது, தொழிலைத் தேடினால் காணோம்

ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர், கடைப் பெயரைத் தேடினால் கூகுள் மேப்பில் வருகிறது, தொழிலைத் தேடினால் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவருக்கு என் பதில்: கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கம்) பிரைமரி கேட்டகரியை, அதாவது முதன்மைத் தொழில் வகையை, மாற்றுங்கள். வேலை ஏசி ரிப்பேர், ஆனால் கேட்டகரி 'எலக்ட்ரானிக்ஸ் கடை' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். கடைப் பெயரைத் தேடினால் மேப்பில் வருவதும், 'ஏசி ரிப்பேர்' என்று தேடினால் காணாமல் போவதும் அதனால்தான். வெப்சைட்டில் பக்கம் பக்கமாக எழுதினாலும் இது தீராது.

சரிபார்க்க: 'ஏசி ரிப்பேர்' என்று தேடி, மேப்பில் முதலில் வரும் மூன்று பேரின் பெயருக்குக் கீழே என்ன கேட்டகரி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்து, உங்கள் வேலைக்கும் பொருந்தினால் அதையே வையுங்கள். கடைக்குள் உட்கார்ந்து தேடாதீர்கள், பக்கத்தில் இருப்பதால் உங்களையே முன்னால் காட்டக்கூடும். (நானும் இப்படி ஏமாந்து சில வாரம் சந்தோஷமாக இருந்தேன்!)

வெப்சைட்டில் முகப்பு டைட்டில் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு) வெறும் 'ஹோம்' என்றிருந்தால் தொழிலும் ஊரும் வரும்படி மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேட்டகரி மாற்றினால் கூகுள் மறுபடி வெரிஃபிகேஷன் (கடை உங்களுடையதுதானா என்ற சரிபார்ப்பு) கேட்கலாம். அவசரப்பட்டு கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஏசி சர்வீஸ்' என்று ஒட்டிவிடாதீர்கள், விதிமீறல் என்று புரொஃபைலையே முடக்கிவிடக்கூடும். தொலைவில் இருந்து தேடுபவருக்கு நீங்கள் பெரும்பாலும் பின்னால்தான் வருவீர்கள், அதற்கு மருந்தில்லை.