கேண்டிலின் அடியில் குழி: பவுடர் வேண்டாம், ஊசி போதும்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மூன்று அங்குலப் பருமனுள்ள தூண் கேண்டில்களை அலுமினிய அச்சில் வார்க்கிறார். எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் திரியைச் சுற்றிக் குழி. சிலவற்றைக் கொளுத்தினால் உள்ளே பொந்து வேறு. கிறிஸ்துமஸுக்காக வார்த்த 60 கேண்டிலில் 38-ஐ, மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆள் 'ரிஜெக்ட்' என்று திருப்பிவிட்டார். மெழுகு சுருங்காமல் இருக்கத் தன்னிடம் ஒரு பவுடர் இருக்கிறது, அதைப் போட்டால்தான் இனி எடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பவுடரை வாங்கலாமா என்று சகோதரி கேட்கிறார்.

வாங்காதீர்கள். உருகிய பாரபின் மெழுகு உறையும்போது கன அளவில் 10 முதல் 15 சதவீதம் குறையும். எந்தப் பவுடரும் அதை நிறுத்தாது. நிறுத்தவும் கூடாது, சுருங்குவதால்தான் கேண்டில் அச்சை விட்டு வழுக்கி வருகிறது. நான் பிரித்துப் பார்த்த இப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் இருந்தது பெரும்பாலும் சாதாரண ஸ்டியரிக் அமிலம்தான். அது கேண்டிலுக்கு வெண்மையும் கெட்டியும் கொடுக்கும், அச்சிலிருந்து எடுக்கச் சுலபமாக்கும். குழியை அது நிரப்பாது.

மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். ஓரம் முதலில் வெளுத்து உறையும், நடு கடைசியில் உறைந்து பள்ளமாக இறங்கும். அச்சுக்குள்ளும் இதே கதைதான். தூண் கேண்டிலைத் தலைகீழாக வார்க்கிறோம், அச்சில் மேலே இருப்பதுதான் கேண்டிலின் அடி. குளிர்ந்த அலுமினியத்தைத் தொட்ட மெழுகு உடனே இறுகிவிடுகிறது. நடுவிலிருப்பது மெதுவாக உறைந்து சுருங்க, மேலிருந்து இறங்க வழியிருந்தால் குழி. மேலே தோல் மூடிவிட்டால் உள்ளேயே பொந்து.

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி எடுத்ததாகவும், அங்கே குழியே விழவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே வார்த்துக் காட்டியது கட்டைவிரல் பருமன் மெழுகுவர்த்தியாக இருக்கும். அதில் விழும் சின்னப் பள்ளத்தைக் கத்தியால் சீவிவிடுவார்கள், கண்ணிலேயே படாது. சான்றிதழை லேமினேட் செய்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். மலையில் வார்ப்பது வேறு என்று சொல்ல அந்த மூன்று நாளில் ஒருவருக்கும் வாய் வராது. சமவெளியில் 30 டிகிரி அறையில் வார்ப்பவர் எழுதிய நேரக்கணக்கை வைத்துக்கொண்டு 12 டிகிரி அறையில் நாம் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லமாட்டார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் ஒரு டிகிரி கூடலாம். கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்கும் நமக்கு மெழுகு 85-ஐத் தாண்டவே திணறும். அதை மேசைக்குக் கொண்டுபோய்ச் சில்லென்ற அச்சில் ஊற்றினால் என்ன ஆகும்? ஆகவே அடுப்புக்குப் பக்கத்திலேயே ஊற்றுங்கள். அச்சை அதற்கு முன் ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், காய்ச்சல் பார்ப்பது உதவாது. மெழுகை அப்படியே தீயில் வைத்துச் சூடேற்றும் புத்தி மட்டும் வேண்டாம்.

சரி, இனி ஊசி. ஒரு கிலோ மெழுகு உருக்கினால் அதில் 150 கிராமைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை 80 டிகிரியில் ஊற்றி, அச்சைப் பழைய கம்பளித் துணியால் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் விரிசல்தான் மிச்சம். பாலாடை போலத் தோல் படிந்து, விரலால் தொட்டால் உள்ளே தளும்புவது தெரியும்போது ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுங்கள். அது இல்லாத வீடு நம் மலையில் ஏது? திரியை ஒட்டி மூன்று நான்கு இடத்தில் ஆழமாகக் குத்துங்கள், அச்சின் அடியைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்திவிடுங்கள். துளைகள் மூடிக்கொண்டே வரும், மறுபடி மறுபடி குத்த வேண்டும். மெழுகு இறுகி, ஆனால் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போது, எடுத்து வைத்ததை முதல் முறையைவிட ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் துளைகளுக்குள் ஊற்றுங்கள். முழுக்க ஆறிவிட்டால் புதியது பழையதோடு ஒட்டாது.

முதலில் ஊற்றிய மட்டத்துக்கு மேலே இரண்டாவது ஊற்று போகவே கூடாது. ஒரு நூல் கீழே நிற்கட்டும். அதற்குள் கேண்டில் அச்சின் சுவரை விட்டுச் சற்று விலகியிருக்கும், மேலே வழிந்த மெழுகு அந்த இடுக்கில் இறங்கி அச்சோடு பிடித்துக்கொள்ளும். மலையில் கெட்டுப்போகும் கேண்டில்களில் பல இப்படித்தான் கெடுகின்றன.

தேன்மெழுகுக்கு மட்டும் கணக்கு வேறு. கோத்தகிரியில் மலைத்தேன் மெழுகு கிடைப்பதால் எப்படியும் அதில் கை வைப்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பாரபின் அளவுக்குச் சுருங்காது. ஆனால் உலோக அச்சில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், சிலிக்கான் அச்சுதான் சரி. 85-க்கு மேல் போனால் நிறம் கறுத்து வாசனை போய்விடும். சீக்கிரம் ஆறினால் வெடிக்கும், அதனால் கம்பளி இரண்டு சுற்று. இதிலும் பாரபின் கலந்து விற்கிறார்கள். நல்ல தேன்மெழுகு நம் குளிரில் சில வாரத்தில் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும், துணியால் துடைத்தால் போய்விடும். மாதக்கணக்கில் பூக்காத கட்டியைச் சந்தேகப்படுங்கள். நகத்தால் கீறும்போது வழுவழுவென்று எண்ணெய்ப் பிசுக்கு வந்தாலும் அப்படியே.

அப்புறம் அந்த ஆளைப் பற்றி. மெழுகு விற்றது அவர், அச்சு விற்றது அவர், குறை கண்டுபிடிப்பதும் அவர், குறைக்கு மருந்து விற்பதும் அவர். முன்பணமும் கட்டியிருப்பீர்களே? நானும் முதல் வருடம் ஒருவரிடம் கட்டினேன். முதல் லோடைச் சிரித்துக்கொண்டே எடுத்தார், இரண்டாவது லோடில் குழியைக் காட்டினார், மூன்றாவது லோடுக்கு போனே எடுக்கவில்லை. சுயதொழில் கடனுக்கு வங்கியில் கொட்டேஷன் கேட்கிறார்கள், அதை எழுதிக் கொடுப்பதும் இவர்களைப் போன்றவர்கள்தான். வாங்கிக்கொள்கிறேன் என்பதை எழுத்தில் தராதவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். எழுத்தில் தந்தாலும் 'ரிஜெக்ட்' என்றால் என்ன, எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் வரை எடுப்பார் என்று அதிலேயே இருக்கட்டும்.

அந்த 38-ஐத் தூக்கிப் போடாதீர்கள். கேண்டிலைத் தலைகீழாக நிறுத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் இளஞ்சூடாக்குங்கள். சூடாக்கிய ஊசியால் குழிக்குள் குத்திப் பொந்தைத் திறந்து, நல்ல சூடான மெழுகை மெதுவாக நிரப்புங்கள். ஆறியதும் மிதமான சூட்டில் ஒரு பழைய தோசைக்கல்லில் அடிப்பக்கத்தை வைத்து இரண்டு சுற்று சுற்றினால் சமமாகிவிடும். அந்தக் கல்லை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், பிறகு அதில் தோசை வார்க்க முடியாது.