எது சுலபம்? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

தேசிய சேவை முடித்து இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். கணினியியல். துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆகவேண்டும். ஓவியம், வானியல், உயிரியல் மூன்றிலும் அறிமுக வகுப்புகள் இருக்கின்றன. எது சுலபம் என்று சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதுவும் வேலைக்கு உதவாது, மதிப்பெண் வருவதை எடு என்கிறார் அப்பா. ஸ்லைடுகள் எல்லாம் இணையத்திலேயே கிடைப்பதால் வகுப்புக்குப் போவதே வீண் என்று எனக்குத் தோன்றுகிறது. இவற்றைத் தமிழில் படிக்க வழி உண்டா? எதை எடுக்கலாம்?

ந., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ந.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அந்த உரிமையில் ஒருமையிலேயே எழுதுகிறேன். அப்பாவின் கவலை கட்டணம் கட்டுகிறவரின் கவலை, அதில் நான் தலையிடவில்லை. தமிழில் படிப்பதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஆனால் ஸ்லைடு இணையத்தில் கிடைக்கிறது, வகுப்பு வீண் என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வகுப்புக்கே போகாமல் இதை எப்படி முடிவு செய்தாய்?

தொடக்கக் கல்லூரியில் எனக்கு முதல் உயிரியல் ஆய்வுக்கூட வகுப்பு. வெங்காயத்தின் உள்தோலை இடுக்கியால் உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி, நுண்ணோக்கியில் தெரிவதை வரையவேண்டும். கூர் சீவிய பென்சில், ஒரே கோடு, நிழல் தீட்டக் கூடாது. நான் பாடப்புத்தகத்துச் செல்லை அப்படியே வரைந்து, நடுவில் உட்கருவும் போட்டு, பத்தே நிமிடத்தில் நீட்டினேன். ஆசிரியை படத்தைப் பார்க்கவில்லை, என் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். "கறுப்பு விளிம்போட வட்டமா ஒண்ணு இருக்கே, அது உன் படத்துல எங்கே?"

காற்றுக் குமிழி. பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, நான் பார்க்கவே இல்லை. கண்ணாடியைச் சாய்த்து வைத்து மெல்ல இறக்கினால் குமிழி வராது என்று காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இரண்டாவது முறை வரைய ஒரு மணி நேரம் ஆனது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள், பலவற்றில் உட்கரு நடுவில் இல்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வானியலுக்கும் இதே கதைதான். 1609 ஜூலையில் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைந்தார், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே. நல்ல கணித அறிஞர்தான். ஆனால் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டைக் கொஞ்சம் பிசிறாகப் போட்டதோடு சரி. ஓவியப் பயிற்சி இருந்த கலிலியோ அதே கோட்டைப் பார்த்தபோது, இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னும் புள்ளிகள் வெயில் பட்ட மலையுச்சிகள் என்று புரிந்துகொண்டார், நிழலை வைத்து உயரமும் கணக்கிட்டார். 1610இல் கலிலியோ வரைந்த படங்கள் அச்சில் வந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலாவிலும் பள்ளங்கள் வந்துவிட்டன! நிலாவோ அதே நிலா. இதைப் படித்த நாளிலிருந்து இந்த மூன்றும் தனித்தனிப் பாடம் என்று யார் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நம் ஊரில் வானமே தெரியாதே என்பாய். உண்மைதான், விளக்கு வெளிச்சம் இரவு வானத்தை மறைக்கும் ஒளி மாசில் உலகிலேயே மோசமான நாடு சிங்கப்பூர் என்றது 2016இல் வந்த ஓர் ஆய்வு. அதனாலென்ன, நிலா தெரிகிறதே. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நம் பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும், பல பாடப்புத்தகங்களில் வருவதுபோல நிமிர்ந்து நிற்காது. உன் புளோக்குக்குக் கீழே நின்று என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

ஓவியத்துக்கு நேஷனல் கேலரிக்குப் போ, நமக்கு அனுமதி இலவசம். நம் ஊர் ஓவியர் ஜார்ஜெட் சென் ரம்புத்தான் பழங்களை வரைந்திருக்கிறார், நீ சந்தையில் கிலோ கணக்கில் வாங்கும் அதே பழம். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு பத்து நிமிடம் ஒரே படத்தின் முன் நில்.

சரி, எதை எடுப்பது என்றுதானே கேட்டாய்? முதல் வாரம் மூன்று வகுப்புகளிலும் போய் உட்கார். எந்த ஆசிரியர் பென்சிலை எடுக்கச் சொல்கிறாரோ அங்கே பெயரைக் கொடு, மதிப்பெண் எப்படி வந்தாலும் சரி. அப்புறம், வளர்பிறை ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மாலையில் கீழே இறங்கிப் போய் நிலாவை ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பு. கோணலாக இருந்தால் பரவாயில்லை, பார்த்து வரைந்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா