பெரம்பூர் அப்பாவுக்கு: அந்தக் கல்லூரி சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

சார், சனிக்கிழமை மகள் என்ன படிக்கலாம் என்று கேட்க நீங்களும் உங்கள் மனைவியும் மகளும் என்னிடம் வந்திருந்தபோது ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று இரண்டு முறை சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு என்று அப்புறம் பட்டது. உங்கள் பையில் இருந்த வீட்டுப் பத்திரத்தைப் பார்த்த பிறகு எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

பெரம்பூரில் ஜெராக்ஸ் கடை, கூடவே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலை. மகள் பத்து வயதிலிருந்து உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்திருக்கிறாள். இப்போது செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். நீங்களோ ஒரு வீடியோ பார்த்துவிட்டீர்கள்: ஒரு வரி டைப் செய்தால் டிசைன் மென்பொருளே அரை நிமிடத்தில் முழு ஆப்பையும் வரைந்து காட்டுகிறது. “இதுக்கு மேல ஆள் எதுக்கு மேடம்?” என்று கேட்டீர்கள். இதற்கிடையில் வேளச்சேரி பெரியப்பா ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ பாடத்தில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் பேசி வைத்திருக்கிறார். எல்லாம் சேர்த்து 18 லட்சம், அதில் 12 லட்சம் கடன்.

முதலில் கணக்கு. 12 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 15,900 ரூபாய். படிக்கிற 4 வருடத்துக்கான வட்டி தனி. ஏழரை லட்சத்தைத் தாண்டும் கல்விக் கடனுக்கு வங்கி சொத்தை அடமானமாகக் கேட்கும். அதனால்தான் அந்தப் பத்திரம் உங்கள் பைக்குள் வந்திருக்கிறது. அதை பீரோவிலேயே வையுங்கள். கவுன்சலிங்கில் ரேங்க்படி கிடைக்கிற சீட் என்றால், கணக்கில் ஆசை உள்ள பிள்ளை என்றால், அந்தப் படிப்புக்கு நானே அனுப்பியிருப்பேன். ஏனென்றால் பெயரில்தான் ஏஐ பளபளக்கிறது, உள்ளே இருப்பது லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, நாள் முழுக்க நிரல் எழுதுவது. உங்கள் மகள் கணக்கு டியூஷனுக்குக் கிளம்பி லைப்ரரியில் உட்கார்ந்திருந்த கதையை உங்கள் முன்னாலேயே சொன்னாள். நீங்கள் சிரித்தீர்கள். அந்தப் பிள்ளையைத்தான் 18 லட்சம் கட்டி அங்கே அனுப்பப் பார்க்கிறீர்கள்.

சரி, அந்த மென்பொருள் விஷயம். என் லேப்டாப்பில் மூவருமாகச் செய்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ‘கரண்ட் பில் கட்ட தமிழில் ஒரு ஆப் திரை’ என்று கேட்டோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை, அழகாக வந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், ‘சொன்னேன்ல?’ என்கிற பார்வை. உங்கள் மகள் திரையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “ஏன் இந்த மாதக் கட்டணம்னு போட்டிருக்கு? நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்தானே?” அப்புறம் ‘கட்டணம் செலுத்து’ என்ற பொத்தானைக் காட்டினாள். குட்டி ஆங்கிலச் சொல்லை மனதில் வைத்து அளந்த இடத்தில் தமிழ் அடங்காமல், இரண்டாவது வரி பாதி வெட்டுப்பட்டு நின்றது. கடைசித் தேதி வெள்ளையில் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. பாட்டி கண்ணுக்குத் தெரியாது என்றாள். அவளுக்குத் தெரியாமலே அவள் சொன்னது ஒரு சர்வதேச விதி: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும்.

பெரிய கேள்வியைக் கேட்டது நீங்கள்தான் சார். “பணம் போயிடும், ரசீது வராது, அப்ப என்ன காட்டும்?” அந்தத் திரைக்கு அது தெரியவே இல்லை. எல்லாம் நல்லபடியாக நடந்த பிறகு வருகிற பச்சை டிக் மட்டும் வரைந்து வைத்திருந்தது. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த டிக் வராததால்தான் வருகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொல்வதும் ஒரு வேலைதான். ஃபிக்மா என்று ஒரு மென்பொருள், இந்தத் துறையில் அதைத் தெரியாதவர் கிடையாது. 2024 ஜூனில் வாக்கியத்திலிருந்து திரை வரையும் வசதியை அறிமுகம் செய்தார்கள். வானிலை ஆப் கேட்டால் ஆப்பிளின் வானிலை ஆப்பைப் போலவே வரைகிறது என்று ஒருவர் வெளியில் காட்டியதும், சில நாட்களிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. புதிதாகச் சேர்த்த பகுதிகளைச் சரியாகப் பரிசோதிக்கவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில மாதம் கழித்து வேறு பெயரில் அதே வசதி திரும்பி வந்தது. வரைய மென்பொருள் இருந்தது. வெளியே விடுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கண்தான் போதவில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒரு புது வசதியை வாங்குமுன் யாராவது சோதிக்க வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டால் ஐந்தும் ஒரே தரத்தில் வருகிறதா? வரைய 30 விநாடி சரி, திருத்த எத்தனை மணி நேரம்? நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பொத்தான்களை எடுத்துப் போடுகிறதா, அதே மாதிரி தெரிகிற போலியைப் போடுகிறதா? எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் திரை உடைகிறதா? நாம் ஏற்றும் டிசைனை எடுத்து அந்த மென்பொருள் பயிற்சி பெறுகிறதா, அதை எங்கே அணைப்பது? இதற்கெல்லாம் பதில் எழுதித் தருகிறவர் படம் வரையத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, மனிதர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அதனால்தான் நான் சொல்லும் படிப்பு பி.எஸ்சி. சைக்காலஜி. ‘கீழ்ப்பாக்கத்துலயா வேலை?’ என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும். பொத்தான் சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர எவ்வளவு நேரம் கூடும் என்று 1954-இல் சூத்திரம் போட்ட பால் ஃபிட்ஸ் ஒரு உளவியலாளர். 1993-இல் ஆப்பிளில் சேர்ந்து ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ (பயன்படுத்துகிறவரின் அனுபவம்) என்ற பெயரையே பதவியில் போட்டுக்கொண்ட டான் நார்மன் உளவியலில் முனைவர். கவனம், நினைவாற்றல், புலனுணர்வு, பரிசோதனையை எப்படி நடத்துவது, ஐந்து பேர் சொன்னதை வைத்து எந்த அளவுக்கு முடிவு கட்டலாம் என்பதெல்லாம் அங்கே பாடம். புள்ளியியலும் உண்டு, அதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் அது அவள் ஓடிப்போன கணக்கு இல்லை, சமாளிப்பாள்.

மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம்தான், உங்கள் கடையில் மற்றவர்களுக்கு நீங்கள் போட்டுக் கொடுப்பதே. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. கட்டணம் உங்கள் கடை வாடகைக்குக்கூடக் காணாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். வெள்ளை போர்டு பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. அங்கே கிடைக்காவிட்டால் அடுத்த கல்லூரி, பட்டியல் தருகிறேன்.

மூன்று வருடமும் சும்மா போகக் கூடாது. ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பானும், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளும், இலவசம். அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரயில் டிக்கெட் எடுக்கப் பார்க்கட்டும், பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது. இது தர்ம காரியம் இல்லை சார், சட்டம் பின்னாலேயே வருகிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறையை எதிர்த்து ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவரும் போட்ட வழக்குகளில், இணையச் சேவையை அணுகுவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஜூலையில், பங்குச் சந்தை நிறுவனங்கள் தங்கள் தளங்களையும் செயலிகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று தணிக்கை செய்ய வேண்டும் என பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது. தணிக்கை என்றால் ஆள் வேண்டும்.

இதில் உள்ள கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கென்று அரசுக் கலைக் கல்லூரி வாசலில் வரிசையில் நிற்கும் நிறுவனங்கள் கிடையாது. முதல் வேலையின் பெயர் ‘டெஸ்டர்’ என்றுதான் இருக்கும், சம்பளம் பெரியப்பா பையன் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள அழகான பெயர் இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்திலிருந்து மாதம் 15,900 வெளியே போகாது.

அவள் பையில் ஒரு நீல நோட்டு இருந்தது, நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எந்த விண்ணப்பத்தில் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று இரண்டு வருடமாக எழுதி வைத்திருக்கிறாள். சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியலை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் நின்றவர்கள் மட்டும் நாலு பக்கம். யாரும் சொல்லாமல் அவளாகச் செய்தது. இனிமேல் தேதியும் போட்டு, ஆள் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும்போது காட்ட வேண்டியது அதைத்தான். கல்லாப் பக்கம் கிடக்கிறதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கல்லூரிக்கு அட்வான்ஸ் எதுவும் கட்ட வேண்டாம்.