வாயைச் சுற்றி மட்டும் கருமை, மூன்று மாதமாக எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். பாட்டி வைத்தியத்தையே குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். அந்தச் சாறு கடும் அமிலம். தோலில் அது இருக்க வெயில் பட்டால் புதிதாகவே கருக்கும்.

நம் மாநிறத் தோலில் எரிச்சல் ஆறினாலும் பெரும்பாலும் கருமையை விட்டுவிட்டுத்தான் போகும். வாயைச் சுற்றித்தான் தினமும் எரிச்சல்: உதட்டை நக்கும் பழக்கம், த்ரெட்டிங், ப்ளீச், வாசனை லிப் பாம். பல் தேய்க்கும்போது கவனியுங்கள், பேஸ்ட் நுரை வாயோரம் வழிந்து காயும், அதைத் துண்டால் அழுத்தித் துடைப்போம். பிரஷ் எடுக்கும் முன் உதட்டோரம் மெல்லிசாக வாசலின் தடவுங்கள். பல் தேய்த்த பிறகு முகம் கழுவுங்கள்.

அடுத்து, ஜன்னலோரம் நின்று பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். அங்கேயும் கருத்து, தடித்து, வெல்வெட் போல இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் க்ரீமை மட்டும் நம்பிப் பலனில்லை.

அப்படி இல்லையென்றால் கருமையைக் குறைக்கும் 10% அசெலாயிக் ஆசிட் க்ரீம் போடலாம். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு. ஈரத்தோடு போட்டால் எரியும். வாயோர மடிப்பில் க்ரீம் தேங்கித் தோல் உரியும் என்பதால் அங்கே முதலில் வாசலின். முதல் 2 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலே மாய்ஸ்சரைசர். லேசான குறுகுறுப்பு சகஜம். தோல் சிவந்து உரிந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். விடாமல் போட்டால் அந்தப் புண்ணே மறுபடி கருக்கும்.

பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். சாப்பிட்டு வாய் துடைத்ததும் அது போய்விடும், அந்த இடத்தில் மறுபடி தடவ வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வித்தியாசம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

டாக்டரைப் பார்க்காமல் மருந்து சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சீட்டே இல்லாமல் மருந்துக் கடையில் 'வெள்ளையாக்கும் ட்யூப்' கொடுப்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்! அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்திருக்கும். சில வாரத்தில் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வாயைச் சுற்றிச் சிவந்த சிறு பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் கொதிக்கும், பயந்து மறுபடி அதையே வாங்குவார்கள். ட்யூபின் பின்பக்கம் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள், ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள்.